முன்பணம் கட்டும் முன்: சேலத்துக் குடும்பங்களின் கல்லூரிக் கணக்கு

சிவதாபுரம் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறை. பிளஸ் டூ தேர்வு முடிந்து, முடிவு இன்னும் வராத ஏப்ரல் மாதம். பற்றவைப்பு வேலை செய்யும் அண்ணன் ஒருவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, வெள்ளித் துணுக்குகள் கிடக்கும் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"பாப்பாவுக்கு இடம் பிடிச்சாச்சு தம்பி. இருபத்தஞ்சாயிரம் கட்டிட்டேன். இப்ப விட்டா அந்தக் கோர்ஸ் கிடைக்காதுன்னு சொல்லிட்டாங்க."

வாங்கிப் பார்த்தேன். கல்லூரியின் வண்ண நோட்டீஸ். அதன் வெறும் பக்கத்தில் நீல மையில் தொகையும் தேதியும் எழுதி, கீழே யாரோ கிறுக்கியிருந்தார்கள். முத்திரை இல்லை, ரசீது எண் இல்லை. பொண்ணு படித்தது அரசு உதவிபெறும் பள்ளி, கணக்கில் கெட்டி. வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை.

அந்தத் தாளின் ஓரத்திலேயே நாங்கள் போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரையின் தொடக்கம். பிப்ரவரி முதல் மே வரை சேலம், நாமக்கல் வட்டாரத்து வீடுகளில் ஆயிரக்கணக்கில் எடுக்கப்படும் ஒரு முடிவு, அடுத்த நான்கு வருடத்துக்கான செலவைத் தீர்மானித்துவிடுகிறது. பெரும்பாலும் அந்த முடிவு, எடுக்கத் தேவையே இல்லாத நேரத்தில் எடுக்கப்படுகிறது.

தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பேர் இரண்டு வேறு கட்டணம் கட்டுகிறார்கள். 2017-ல் கட்டண நிர்ணயக் குழு வகுத்த கணக்கின்படி, கவுன்சிலிங் வழியாக அரசு ஒதுக்கீட்டில் வருபவருக்கு வருடத்துக்கு 50,000 ரூபாய். அந்தப் படிப்புக்குத் தர அங்கீகாரம் இருந்தால் 55,000. கல்லூரியே நேரடியாக இடம் தரும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்பவருக்கு 85,000. அங்கீகாரம் இருந்தால் 87,000. அதன் மேல், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் 2010-11 கல்வியாண்டு முதல் நடைமுறையில் இருக்கும் சலுகை. பொறியியலுக்கு அது வருடம் 25,000 ரூபாய். சாதியும் கிடையாது, வருமான வரம்பும் கிடையாது. ஆனால் ஒரு நிபந்தனை: கவுன்சிலிங் வழியாக வந்திருக்க வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் கையெழுத்துப் போட்ட நிமிடம் அந்தச் சலுகை போய்விடுகிறது.

கொலுசுப் பட்டறை அண்ணனுக்கு இதைத்தான் எழுதிக் காட்டினேன். கவுன்சிலிங் வழி: 55,000-ல் 25,000 கழித்தால் 30,000. நிர்வாக வழி: 87,000. வருடத்துக்கு 57,000 வித்தியாசம். நான்கு வருடத்துக்கு 2,28,000. அதே கல்லூரி, அதே பட்டம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப நான் கட்டினது?"

"போனாலும் போகட்டும் அண்ணா. அதைக் கழித்தாலும் முதல் வருடத்திலேயே உங்களுக்கு 32,000 மிச்சம்."

இந்தப் பதிலைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருந்தது. 2004-ல், நுழைவுத் தேர்வு இருந்த காலத்தில், அம்மாப்பேட்டையில் தறி ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பா இதேபோல் ஒரு கல்லூரிக்கு 15,000 ரூபாய் கட்டினார். அன்றைய விலைக்கு அது ஏறக்குறைய மூன்று பவுன். பிறகு கவுன்சிலிங்கில் வேறு நல்ல இடம் கிடைத்தது. கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு நான்கு முறை போனார். நான்காவது முறை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த 15,000 போய்விடக் கூடாதே என்று, கிடைத்த நல்ல இடத்தை விட்டுவிட இருந்தவர் அவர், அம்மாதான் தடுத்தார். கட்டிய பணத்தைக் காப்பாற்றப் போய் அதைவிடப் பல மடங்கு இழப்பது இப்படித்தான் நடக்கிறது. இன்றும் வீடு வீடாக நடக்கிறது.

அப்போது இல்லாத பாதுகாப்பு இப்போது ஓரளவு இருக்கிறது. சேர்ந்த இடத்திலிருந்து விலகினால் கட்டணத்தை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவிக்கை வெளியிட்டது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாட்களோ அதற்கும் மேலோ இருக்கும்போது விலகினால், சிறு பிடித்தம் போக முழுத் தொகையும் வர வேண்டும். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிக்கையில் இருக்கிறது. கட்டாய நன்கொடையைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 1992-லேயே வந்துவிட்டது. ஆனால் இவற்றில் எதைப் பிடித்துக்கொண்டு கேட்பதற்கும் கையில் முறையான ரசீது வேண்டும். நோட்டீஸின் பின்பக்கத்துக் கிறுக்கல் எங்கேயும் செல்லாது. ஒரு ரூபாய் கட்டினாலும் எண் போட்ட ரசீது, அதில் எந்தக் கட்டணத்துக்கு என்ற விவரம் இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். தரத் தயங்கும் இடத்தில் பணத்தைத் தரவும் தயங்கலாம்.

சலுகைகளும் உதவித்தொகைகளும் தமிழ்நாட்டில் நிறையவே இருக்கின்றன. எங்கள் வட்டாரத்துக் குடும்பங்கள் திணறுவது வேறு இடத்தில். கட்டணம் முதலில் வந்து நிற்கிறது, உதவி பின்னால் வருகிறது. கவுன்சிலிங்கில் இடம் ஒதுக்கிவிட்டால், ஏற்றுக்கொண்டு சேருவதாகச் சொன்னவர் ஒரு வாரத்துக்குள் பணம் கட்டிவிட வேண்டும். மேலே இடம் கிடைத்தால் மாறிக்கொள்கிறேன் என்பவரும் அதே அவகாசத்தில் உதவி மையத்தில் தொகை கட்ட வேண்டும். அது ஜூலை, ஆகஸ்டு. உதவித்தொகைக்கான விண்ணப்பமே கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் தொடங்கும். சரிபார்ப்பு முடிந்து பணம் வங்கிக் கணக்குக்கு வரும்போது பொங்கல் தாண்டியிருக்கும். நடுவே உள்ள ஆறேழு மாதப் பள்ளத்தில்தான் நகை அடகுக்குப் போகிறது, சீட்டு தள்ளி எடுக்கப்படுகிறது, வாரவட்டிக்காரர் வீட்டுக்கு வருகிறார்.

ஆகவே கல்லூரிச் செலவைத் திட்டமிடுவது என்றால் நான் முதலில் கேட்கும் கேள்வி: ஆகஸ்டு முதல் வாரத்தில் கையில் எவ்வளவு இருக்கும்? மொத்தம் நான்கு வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்பது அடுத்த கேள்வி. பட்டறை அண்ணன் வீட்டுக்கு அந்தத் தொகை சுமார் 70,000 என்று வந்தது. கட்டணம் 30,000 போக, கல்லூரிப் பேருந்து, தேர்வுக் கட்டணம், புத்தகம், சீருடை, ஒரு பழைய மடிக்கணினி. கல்லூரி நோட்டீஸில் பளிச்சென்று அச்சாகியிருப்பது படிப்புக் கட்டணம் மட்டும்தான். பேருந்துக் கட்டணத்தையும் வேலைவாய்ப்புப் பயிற்சி என்ற பெயரில் வாங்கும் தொகையையும் நாம்தான் தனியாகக் கேட்க வேண்டும். ஓமலூரிலிருந்தோ ஆத்தூரிலிருந்தோ தினமும் வருகிற பிள்ளைக்குப் பேருந்துச் செலவு மட்டுமே, முதல் பட்டதாரிச் சலுகையில் பெரும் பகுதியைத் தின்றுவிடும்.

பள்ளம் எப்படிச் சிறிதாகும்? பெரும்பாலும் காகிதத்தால். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கக்கூடியவை. ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். ஆனால் மே, ஜூனில் எல்லாரும் ஒரே நேரத்தில் போட, கிராம நிர்வாக அலுவலரிடமும் வருவாய் ஆய்வாளரிடமும் மனுக்கள் குவிகின்றன. டிசம்பர் விடுமுறையில் விண்ணப்பித்தவருக்கு அமைதியாகக் கிடைக்கும். முதல் பட்டதாரிச் சான்றில் ஒரு நுணுக்கம் உண்டு. அப்பா, அம்மா, இரு பக்கத்துத் தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் யாருக்கும் பட்டம் இருக்கக் கூடாது. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே அந்தச் சலுகையில் படித்திருந்தால், தம்பி தங்கைக்குக் கிடையாது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, மாணவர் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு. உதவித்தொகை நேரடியாக அந்தக் கணக்குக்குத்தான் போகிறது. அப்பாவின் கணக்கு எண்ணைக் கொடுத்துவிட்டு ஒரு வருடம் காத்திருந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். சான்றிதழில் ஒரு முன்னெழுத்தும் ஆதாரில் வேறொரு முன்னெழுத்தும் இருந்தால் கணினி இரண்டையும் வேறு ஆளாக எடுத்துக்கொள்கிறது. பள்ளியில் இருக்கும்போதே திருத்தினால் தலைமையாசிரியரின் ஒரு கடிதத்தோடு போகும். கல்லூரிக்குப் போன பிறகு அலைச்சல்.

அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குக் கணக்கே வேறு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2020-ல் மருத்துவத்துக்கும் 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதில் இடம் கிடைத்தவருக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் அனைத்தையும் அரசே ஏற்கிறது. அதாவது நான் மேலே சொன்ன பள்ளம் அவர்களுக்கு ஏறக்குறைய மூடிக்கிடக்கிறது. பலருக்குத் தெரியாத ஒரு செய்தி: மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் நலப் பள்ளி, வனத்துறைப் பள்ளி எல்லாமே இதில் அரசுப் பள்ளிதான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவரும் இதில் சேர்வார். பிளஸ் ஒன்னுக்கு நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிக்கு மாற்றும் ஆசை எங்கள் ஊரில் பெரிது. பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை அந்த இரண்டு வருடத்துக்காக மாற்றினால், விடுதிப் பள்ளிக்குக் கட்டும் லட்சங்களோடு இந்த ஒதுக்கீட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருகிறோம். வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

அதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்கில்தான் மாதம் 1,000 ரூபாய்த் திட்டங்களும் வருகின்றன. பெண்களுக்குப் புதுமைப்பெண், 2022 செப்டம்பர் 5 முதல். ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன், 2024 ஆகஸ்டு 9 முதல். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் புதுமைப்பெண் விரிவாக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. கடன் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

மலைக்கு மேலே கதை வேறு மாதிரி. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. ஒன்றியத்தில் 67 கிராமங்கள். காபித் தோட்டத்திலும் மிளகிலும் கூலி வேலை பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் மலைவாழ் பழங்குடியினர். தினமும் இறங்கி ஏறிக் கல்லூரி போவது உள்கிராமத்துப் பிள்ளைக்கு நடக்காது. அவர்களுக்குக் கட்டணத்தைவிடத் தங்கும் இடம்தான் முதல் பிரச்சினை. அரசு நலத்துறை விடுதியில் இடம் கிடைத்துவிட்டால் பாதி வழி கடந்த மாதிரி. பழங்குடி, ஆதிதிராவிட மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், 2012-ம் ஆண்டின் அரசாணை 92 வழியாகச் சுயநிதிக் கல்லூரியின் கட்டாயக் கட்டணங்களையும் அரசே ஏற்கிறது.

ஆனால் எல்லாமே ஒரு சான்றிதழில் தொங்குகிறது. மற்ற சாதிச் சான்றுகள் வட்டாட்சியர் அலுவலகத்திலேயே முடிந்துவிடும். பழங்குடிச் சான்றைக் கோட்டாட்சியர் விசாரித்துத் தர வேண்டும். விசாரணை மாதக்கணக்கில் இழுக்கும். மலையாளி என்ற பெயர் பழங்குடிப் பட்டியலில் எல்லா மாவட்டத்துக்கும் பொதுவாக இல்லை. சேலம், தருமபுரி போன்ற குறிப்பிட்ட மாவட்டங்களுக்கு மட்டும் இருக்கிறது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் அதே மக்கள் அந்த உரிமைக்காகப் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் அப்பா, தாத்தா பேரில் இருக்கும் நிலப் பத்திரம், பழைய பள்ளி மாற்றுச் சான்று போன்றவற்றைத் தேடி எடுத்து, பிள்ளை பத்தாம் வகுப்பு படிக்கும்போதே மனுப் போட்டுவிட வேண்டும். ஏற்காட்டில் ஒரு ஆசிரியர் ஒவ்வொரு ஜூன் மாதமும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு, சான்றிதழ் இல்லாத வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தே போகிறார். அவர் பிள்ளைகளில் பலர் இன்று கீழே கல்லூரிகளில் இருப்பதற்கு அந்த நடைதான் காரணம்.

அவர் என்னிடம் சொன்ன ஒரு எச்சரிக்கையும் உண்டு. உதவித்தொகை இப்போது மாணவர் கணக்குக்கே வருகிறது. அதில் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய கட்டணமும் சேர்ந்தே இருக்கும். பெரிய தொகையை ஒரே நாளில் கணக்கில் பார்க்கும் வீட்டில் கூரையும் ஒழுகும், கடன்காரரும் நிற்பார். அது கல்லூரிக்குரிய பணம் என்று முதல் வருடமே வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைக்காவிட்டால், கடைசி வருடம் தேர்வு நுழைவுச்சீட்டுக்குப் போகும்போது பாக்கி குறுக்கே நிற்கும்.

இனி கல்விக் கடன். "கடன் வாங்கிப் படிப்பதா" என்று நெஞ்சில் கைவைக்கும் பெற்றோர், அதே மாதம் நகையை அடகு வைத்து வெளிவட்டி கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கல்விக் கடனும் கடன்தான். ஆனால் படித்து முடித்து ஒரு வருடம் வரை தவணை கேட்காத கடன் வேறு எதுவும் நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைக்காது. நான்கு லட்சம் வரை நம் பங்காக முதலில் பணம் போடவும் வேண்டாம், சொத்து ஈடும் வேண்டாம். பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டால் போதும். ஏழரை லட்சம் வரைக்கும் மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. அதன் கீழ் கொடுக்கும் வங்கி ஈடு கேட்கக் கூடாது.

விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பிள்ளை வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம். படிக்கும் நான்கு வருடமும் அதற்குப் பிந்தைய ஒரு வருடமும் தனிவட்டி ஏறும். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000. இரண்டாவதற்கு 40,000. மூன்றாவதற்கு 30,000. நான்காவதற்கு 20,000. ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000. பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 7,140 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் எட்டரை லட்சத்துக்கு மேல் போயிருக்கும்.

இதே குடும்பத்தின் வருமானம் வருடத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்து, படிப்பு தொழிற்படிப்பாகவும் கல்லூரி நாக் (கல்லூரிகளைத் தரமிடும் தேசிய அமைப்பு) தர மதிப்பீடோ படிப்பு என்.பி.ஏ. (தொழிற்படிப்புகளைத் தரமிடும் தேசிய வாரியம்) அங்கீகாரமோ பெற்றதாகவும் இருந்தால், அந்த ஐந்து வருட வட்டியை மத்திய அரசே வங்கிக்குக் கட்டும் மானியத் திட்டம் இருக்கிறது. 2009-10 முதல் நடைமுறையில் இருப்பது. அங்கீகார நிபந்தனை 2018-ல் சேர்ந்தது. மானியம் கிடைத்தால் தவணை தொடங்கும்போது கடன் நான்கு லட்சம்தான். மாதத் தவணை சுமார் 5,290. பத்து வருடத்தில் மொத்த வித்தியாசம் 2,20,000 ரூபாய்க்கு மேல். ஒரு வருமானச் சான்றிதழை நேரத்துக்கு வங்கியில் கொடுத்ததற்குக் கிடைக்கும் பலன் இது. மேலாளர் தானாகக் கேட்க மாட்டார், நாம்தான் எழுதிக் கொடுத்து, கணக்கில் மானியம் ஏறியதா என்று ஒவ்வொரு வருடமும் பார்க்க வேண்டும். படிப்பைப் பாதியில் விட்டால் மானியமும் போய்விடும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது தர அங்கீகாரம் இருக்கிறதா என்று ஏன் அடித்துச் சொல்கிறேன் என்பது இப்போது புரியும். அங்கீகாரம் இருந்தால் வருடக் கட்டணம் 5,000 கூடுகிறது. நான்கு வருடத்துக்கு 20,000. அதற்காக 50,000 ரூபாய்க் கல்லூரியைத் தேடிப் போனவர், வட்டி மானியத்தில் 1,40,000 ரூபாயை விட்டுவிடுகிறார்.

மானியத்துக்குள் வராத குடும்பம், படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வந்தால் கடன் வளராது. அப்படிக் கட்டுபவருக்கு வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கும் வழக்கமும் வங்கிகளில் உண்டு. முதல் வருடம் வாங்கிய ஒரு லட்சத்துக்கு மாத வட்டி சுமார் 833 ரூபாய். புதுமைப்பெண்ணில் வரும் 1,000 ரூபாய்க்கு நான் சொன்ன நல்ல வேலை இதுதான். கைபேசி ரீசார்ஜிலும் தேநீரிலும் கரைவதைவிட, கடன் கணக்குக்குத் திருப்பிவிட்டால் முதல் வருட வட்டி முழுவதும் அடங்கிவிடும்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டம், தேசியத் தரவரிசையில் மேலே இருக்கும் கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் தருகிறது. வருமானம் எட்டு லட்சம் வரை உள்ளவர்களுக்குப் பத்து லட்சம் வரையிலான கடனில் மூன்று சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. பட்டியலில் உள்ள கல்லூரிக்கு மட்டும்தான் என்பதால், நம் பிள்ளை சேரும் இடம் அதில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வங்கிக் கிளையில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "உங்கள் ஏரியா கிளைக்குப் போங்க" என்பது முதல் பதில். "அப்பாவுக்கு சிபில் சரியில்லை" என்பது இரண்டாவது. பெற்றோரின் கடன் மதிப்பெண்ணைக் காட்டி மாணவருக்குக் கல்விக் கடன் மறுக்கக் கூடாது என்று 2020-ல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. மறுத்தால் மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அப்படிக் கேட்டாலே பல நேரம் பேச்சின் தொனி மாறுவதைக் கண்டிருக்கிறேன். அதன் பிறகும் நகராவிட்டால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முன்னோடி வங்கி மேலாளர் இருக்கிறார். திங்கட்கிழமை மனு நாளில் கொடுக்கும் மனு அவரிடம்தான் போகும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு இந்தக் கதவுகளும் பாதி அடைத்தே இருக்கும். தகுதி அடிப்படையில் கிடைத்த இடம் என்று காட்ட முடியாததால் பல வங்கிகள் தயங்குகின்றன. பிப்ரவரியில் கட்டிய முன்பணத்தின் நிழல் இங்கே வரைக்கும் நீள்கிறது.

மத்திய உதவித்தொகைகள் சிலவற்றுக்கும் விண்ணப்பிக்கத்தான் வேண்டும். தொழில்நுட்பப் படிப்பில் முதல் வருடம் சேரும் பெண்களுக்குப் பிரகதி, வருடம் 50,000. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. மதிப்பெண் வரிசையில் தேர்வு என்பதால், கிடைக்கும் என்று நம்பி அதை வைத்துத் திட்டம் போடக் கூடாது.

பொறியியலை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறேன். பணம் அங்கேதான் பெரிதாகப் போகிறது என்பதால். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்கும் கட்-ஆஃப் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். 1966-ல் தொடங்கிய கல்லூரி அது, கட்டணம் சில ஆயிரங்களில் அடங்கும். செர்ரி ரோட்டில் அரசு கலைக் கல்லூரியும் கோரிமேட்டில் அரசு மகளிர் கலைக் கல்லூரியும் இருக்கின்றன. ஒரு வருடத்துக்கு அங்கே ஆகும் செலவு, சுயநிதிக் கல்லூரியின் ஒரு மாதச் செலவைத் தாண்டுவது அரிது. கணிதமோ வேதியியலோ நன்றாக வரும் பிள்ளையை, பெயருக்காக ஏதோ ஒரு சுயநிதிக் கல்லூரியில் தள்ளுவதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் சேர்ந்து, பிறகு நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர்வதும் நல்ல வழி. பிளஸ் டூ வழியாக இரண்டும் நான்கும் ஆறு வருடம். டிப்ளமோ வழியாக மூன்றும் மூன்றும் அதே ஆறு. நடுவில் பணம் தட்டுப்பட்டால் கையில் ஒரு டிப்ளமோ இருக்கிறது, வேலைக்குப் போய்விட்டுத் திரும்ப வரலாம். 1958 முதல் இயங்கும் தியாகராஜர் பாலிடெக்னிக்கில் அப்படிப் படித்து வந்தவர்கள் சேலத்துத் தொழிற்கூடங்கள் எங்கும் இருக்கிறார்கள்.

பட்டறை அண்ணன் பொண்ணுக்குக் கவுன்சிலிங்கின் இரண்டாவது சுற்றில், முன்பணம் கட்டிய அதே கல்லூரியில் அதே படிப்பு கிடைத்தது. இருபத்தைந்தாயிரத்தைக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார். அந்தத் தாளை அலுவலகத்தில் யாரும் தங்கள் எழுத்து என்று ஒப்புக்கொள்ளவில்லை. பணம் போனது போனதுதான். ஆகஸ்டில் தேவைப்பட்ட எழுபதாயிரத்துக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் நகைக் கடன் வைத்தார். கல்விக் கடன் அக்டோபரில் வந்ததும் மீட்டுவிட்டார்.

அப்போது அவருடைய சின்ன மகளுக்கு ஒன்பது வயது. அக்கா முதல் பட்டதாரிச் சலுகையை எடுத்துக்கொண்டதால் அவளுக்கு அது கிடையாது. அவளுடைய ஆகஸ்டு மாதம் அக்காவுடையதைவிட வருடத்துக்கு 25,000 கனமாக இருக்கும். செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பத்து வயதுக்குள் தொடங்கிவிட வேண்டும் என்று சொன்னேன். மறுவாரமே தபால் நிலையத்துக்குப் போய் 250 ரூபாயில் தொடங்கி, இப்போது மாதம் ஆயிரம் போடுகிறார். வட்டி 8.2 சதவீதமாகவே நீடித்தால் அவளுக்குப் பதினெட்டு ஆகும்போது ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருக்கும். அதில் பாதியைக் கல்லூரிச் சேர்க்கைக்கு எடுக்கலாம். கணக்குப் போட்டுக் காட்டியபோது, "எழுபத்தஞ்சாயிரம் வருமா தம்பி?" என்று கேட்டார். வரும் அண்ணா, அந்த ஆகஸ்டுக்குள் கைக்கு வந்துவிடும் என்றேன்.